நெருப்பு அணைந்த பிறகும் முகமூடி ஏன்?

கேள்வி: எங்கள் சந்தியில் ரயர் கடை எரிந்தது. நெருப்பு அணைந்த பிறகும் தீயணைப்பு வீரர்கள் முகமூடியைக் கழற்றாமல் உள்ளே கிளறிக்கொண்டிருந்தார்கள். ஏன்?
— வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: சரியாகத்தான் செய்திருக்கிறார்கள், தங்கச்சி. சுவாலை அடங்கி உள்ளுக்குள் புகையும் நேரத்தில்தான் காபன் மொனொக்சைட் நிறைய வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். தீயணைப்பு வீரனான நானும் முன்பு புகை கலைந்துவிட்டதென்று முகமூடியைக் கழற்றியவன். கொஞ்ச நேரத்தில் தலை இடித்தது, கையில் இருந்த கம்பி நழுவி விழுந்தது. அதன்பிறகு கழற்றியதே இல்லை.

முகமூடிக்குக் காற்றுக் கொடுக்க முதுகில் மாட்டும் சிலிண்டரில் இருப்பது தனி ஒட்சிசன் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அழுத்தி அடைத்த சாதாரணக் காற்றுத்தான். 6.8 லீற்றர் சிலிண்டரில் 300 பார் அழுத்தத்தில் ஏறக்குறைய 2000 லீற்றர் காற்று இருக்கும். கணக்குக்கு அரை மணித்தியாலத்துக்கு மேல் வரும். குழாயை இழுத்துக்கொண்டு மூச்சு வாங்கினால் 20 நிமிடத்திலேயே குறைந்துவிடும். காற்று குறைந்ததும் விசில் கத்தும். அப்போது வெளியே வந்திருக்க வேண்டும். தாடி இருந்தால் முகமூடி முகத்தோடு பொருந்தாது, அதனால்தான் தினமும் சவரம்.

இன்னொன்று, நம் வன்னிக்கு இது முக்கியம். கிணற்றுக்குள் எண்ணெயில் ஓடும் வாட்டர் பம்பை இறக்கி ஓட்டினாலும் அதே காபன் மொனொக்சைட்தான் நிறையும். மயங்கி விழுந்தவரைத் தூக்க வெறுமனே இறங்காதீர்கள். தீயணைப்புச் சேவைக்கு, 110க்கு அழையுங்கள்.