ஏசி வேலைக்கான கருவிகள்: கேள்வி பதில்

22 வருடமாக ஸ்பிளிட் ஏசி மாட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் என் தொழில். கருவிகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, கையால் செய்து பார்த்ததை வைத்துப் பதில் சொல்கிறேன்.

அண்ணா, ஐடிஐ முடித்திருக்கிறேன். எல்லாக் கருவியும் வாங்கக் காசு இல்லை. முதலில் எதை வாங்குவது?

கிளாம்ப் மீட்டர், தம்பி, வயரை வெட்டாமல் கவ்விப் பிடித்தே கரன்ட் அளக்கும் கருவி. ட்ரூ ஆர்எம்எஸ் வகையாகவும் கபாசிட்டர் அளக்கும் வசதி உள்ளதாகவும் பார்த்து வாங்குங்கள். இன்வெர்ட்டர் ஏசி இழுக்கும் கரன்ட்டைச் சாதாரண மீட்டர் தப்பாகக் காட்டிவிடும். கூலிங் இல்லை என்று கூப்பிடும் வீடுகள் பலவற்றில் கேஸைத் தொடவே வேண்டியிருக்காது. மோட்டார் ஓட உதவும் கபாசிட்டர் போயிருக்கும், அல்லது வயர் லூஸாக இருக்கும். 40 மைக்ரோஃபாரட், 5 சதவீதம் கூடக்குறைய என்று எழுதியிருந்தால் 38-லிருந்து 42 வரை சரி. 30 காட்டினால் மாற்றிவிடுங்கள். அடுத்தது பைப் கட்டரும், பைப் வாயை விரித்து நட்டில் பொருந்த வைக்கும் ஃபிளேரிங் டூலும். பைப்பில் உள்ள காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் பம்பைக் கொஞ்ச நாள் சீனியரிடம் இரவல் வாங்கிச் சமாளிக்கலாம்.

வேக்குவம் பம்ப் போட்டுப் பத்து நிமிடத்தில் கேஜ் முள் மைனஸ் 30-க்கு (இன்ச் மெர்குரி) வந்துவிடுகிறது. அது போதாதா?

போதாது. இந்தக் கேள்விக்குத்தான் நான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

நீங்கள் பார்ப்பது மானிஃபோல்டு கேஜ், அழுத்தம் பார்ப்பதற்குச் செய்தது. கடைசிக் கட்ட வேக்குவத்தை அதில் படிக்க முடியாது. வேக்குவத்தை மைக்ரான் என்ற மிகச் சிறிய அழுத்த அலகில் அளப்போம். வெளிக்காற்றின் அழுத்தம் 7,60,000 மைக்ரான். நமக்கு வேண்டியது 500 மைக்ரான் அல்லது அதற்கும் கீழே. 5,000 மைக்ரானில் நின்றாலும் 500-க்கு வந்தாலும் அந்த முள் ஒரே இடத்தில்தான் நிற்கும். வித்தியாசத்தைக் காட்ட மைக்ரான் கேஜ் வேண்டும்.

வேக்குவம் காற்றை வெளியேற்ற மட்டும் இல்லை, பைப்புக்குள் இருக்கும் ஈரத்தைக் காய வைக்கவும்தான். 30 டிகிரி வெயிலில், அழுத்தம் சுமார் 32,000 மைக்ரானுக்கு இறங்கினால் தண்ணீர் கொதிக்க ஆரம்பிக்கும். ஆரம்பிப்பது வேறு, முழுக்கக் கொதித்து ஆவியாகி பம்ப் வழியே வெளியே போவது வேறு. அதற்கு நேரம் பிடிக்கும். ஆர்32, ஆர்410ஏ கேஸ் போட்ட ஏசிகளில் இருக்கும் பிஓஇ என்ற செயற்கைக் கம்ப்ரஸர் ஆயில் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தண்ணீரோடு சேர்ந்தால் நாளடைவில் அமிலம் ஆகும். கம்ப்ரஸர் காயில் எரிந்து போனதை அறுத்துப் பார்த்தபோது வந்த புளித்த வாடை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

500-க்குக் கீழே வந்ததும் பம்ப் பக்க வால்வை மூடிவிட்டுப் பத்து நிமிடம் கவனியுங்கள். எண் கொஞ்சம் ஏறி 1,000, 1,500 பக்கம் நின்றுவிட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது, இன்னும் ஓட்ட வேண்டும். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் லீக். மைக்ரான் கேஜைப் பம்பிலேயே மாட்டாதீர்கள், பம்புக்குத் தள்ளி ஏசி பக்கம் மாட்டுங்கள். பம்ப் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் உடனே மாற்றுங்கள், அந்த ஆயிலோடு எவ்வளவு நேரம் ஓட்டினாலும் எண் இறங்காது.

அவுட்டோரில் இருக்கும் கேஸையே கொஞ்சம் திறந்து பைப்பில் உள்ள காற்றைத் தள்ளிவிடுவதுதான் எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்த முறை. அது ஈரத்தை எடுக்காது, கேஸும் குறையும். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

எங்கள் ஊரில் நைட்ரஜன் கிடைப்பது கஷ்டம். வெல்டிங் கடையில் இருக்கும் ஆக்சிஜனை வைத்து லீக் டெஸ்ட் பண்ணலாமா?

கூடவே கூடாது. அழுத்தத்தில் உள்ள ஆக்சிஜனும் கம்ப்ரஸர் ஆயிலும் சேர்ந்தால் வெடிக்கும். இதில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். பக்கத்து டவுனுக்குப் போய் நைட்ரஜன் எடுத்து வாருங்கள், வேலை ஒருநாள் தள்ளிப் போனாலும் பரவாயில்லை. நிறைந்த சிலிண்டரில் 150 பார் வரை இருக்கும், ரெகுலேட்டர் இல்லாமல் ஹோஸை மாட்டக் கூடாது. பைப்பைப் பற்றவைக்கும்போதும் இதே நைட்ரஜனை மெதுவாக உள்ளே ஓட விட்டால் கருப்புப் பொருக்கு படியாது.

ஆர்22 கேஸுக்கு வைத்திருந்த பழைய கேஜையும் ஹோஸையும் ஆர்32-க்குப் பயன்படுத்தலாமா சார்?

வேண்டாம். 50 டிகிரியில் ஆர்22 சுமார் 270 பிஎஸ்ஐ, ஆர்32 சுமார் 440 பிஎஸ்ஐ. ஹோஸில் 800 பிஎஸ்ஐ என்று அச்சிட்டிருக்க வேண்டும். பழைய ஹோஸில் ஒட்டியிருக்கும் மினரல் ஆயில் புது ஏசிக்குள் போவதும் நல்லதில்லை. இன்னொன்று, ஆர்32 லேசாகத் தீப்பிடிக்கும் வகை. ஏசியிலிருந்து கேஸை உறிஞ்சி எடுக்கும் ரெக்கவரி மெஷினும் லீக் டிடெக்டரும் அதற்கென்று சான்று பெற்றவையாக இருக்கட்டும்.

நான் மெக்கானிக் இல்லை. வருஷா வருஷம் கோடையில் கேஸ் குறைந்துவிட்டது என்று போட்டுவிட்டுப் போகிறார்கள். சரியாகச் செய்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தராசு கொண்டு வருகிறாரா என்று பாருங்கள் அம்மா. ஏசியில் கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்து போவதில்லை. குறைந்தால் எங்கோ லீக் இருக்கிறது. அதை அடைக்காமல் கேஸ் போடுவது உங்கள் காசை வெளியில் விடுவதுதான். எத்தனை கிராம் போட வேண்டும் என்று அவுட்டோர் பெட்டியின் லேபிளில் இருக்கும். இன்வெர்ட்டர் கம்ப்ரஸரின் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் அழுத்தத்தை மட்டும் பார்த்துச் சார்ஜ் செய்தால் கணக்குத் தவறும். லீக்கை அடைத்து, வேக்குவம் போட்டு, எடை பார்த்துப் போடச் சொல்லுங்கள். அப்படிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஃபிளேர் நட்டை எவ்வளவு இறுக்கினாலும் லீக் ஆகிறது.

இறுக்கியதால்கூட லீக் ஆகும், காப்பர் நசுங்கி வெடித்துவிடும். சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்கும் டார்க் ரென்ச் வாங்குங்கள். கால் இன்ச் பைப்புக்கு 14 முதல் 18 நியூட்டன் மீட்டர், மூன்றெட்டு (3/8 இன்ச்) பைப்புக்கு 34 முதல் 42. வெட்டிய பிறகு பைப் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துப் பிசிறு எடுங்கள், தூள் உள்ளே விழாது. டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம், அங்கே உலோகம் உலோகத்தோடு பொருந்துவதால்தான் அடைப்பு.

கபாசிட்டரில் தங்கியிருக்கும் மின்சாரத்தை ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து இறக்குவது சரியா?

இல்லை. ரெசிஸ்டர் வைத்த வயரால் இறக்குங்கள். இன்வெர்ட்டர் போர்டில் இன்னும் கவனம் வேண்டும். மெயினை அணைத்த பிறகும் அதில் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கலாம். பத்து நிமிடம் விட்டு, மீட்டரில் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

எலக்ட்ரானிக் லீக் டிடெக்டர் இருந்தால் சோப்பு நுரை தேவையில்லைதானே?

இரண்டும் வேண்டும். டிடெக்டர் எந்தப் பக்கம் என்று சொல்லும், நுரை எந்த ஜாயின்ட் என்று காட்டும். காற்று வீசும் மொட்டை மாடியில் டிடெக்டர் ஏமாற்றும், அங்கே நான் முதலில் எடுப்பது நுரையைத்தான். பார்த்து முடித்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் பித்தளை நட்டு பாழாகும்.