வீங்கிய கப்பாசிற்றருக்கு மாற்று: உறையிலுள்ள இரண்டு எண்கள் போதுமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்கள் வீட்டு 32 அங்குல எல்சிடி தொலைக்காட்சி இயங்காமற் போனதால் பின்மூடியைத் திறந்தேன். மின்வழங்கல் பலகையில் 1000 மைக்ரோபரட், 16 வோல்ற் என்று எழுதப்பட்ட இரண்டு கப்பாசிற்றர்கள் தலை வீங்கியிருந்தன. புறக்கோட்டையில் அதே அளவில் இரண்டு வாங்கிப் பொருத்தினேன், தொலைக்காட்சி வேலை செய்தது. ஐந்து மாதத்தில் அவையும் வீங்கிவிட்டன. எதைப் பார்த்து வாங்க வேண்டும்? 25 வோல்ற் போடலாமா? 2200 மைக்ரோபரட் போடலாமா? நல்ல பொருள் கொழும்பில் எங்கே கிடைக்கும்?"

மின்னேற்றத்தைச் சேமித்து வைத்து மின்னழுத்தத்தைச் சீராக்கும் பாகமே கப்பாசிற்றர். நீங்கள் வாங்கியதன் கொள்ளளவும் வோல்ற்றளவும் சரியானவையே. ஆனால் அந்த இரண்டும் ஒரு கப்பாசிற்றரின் அடையாளத்தில் பாதிதான். தயாரிப்பாளரின் எந்தத் தொடரை, அதாவது எந்த மாதிரி வரிசையைச் சேர்ந்தது, எத்தனை பாகை வெப்பத்தைத் தாங்கும், எவ்வளவு ரிப்பிள் மின்னோட்டத்தை, அதாவது மாறி மாறி உள்ளே சென்று வெளியே வரும் மின்னோட்டத்தைச் சுமக்கும் என்பவையே மீதிப் பாதி. உங்கள் பலகையில் அந்த இரண்டு கப்பாசிற்றர்களும் இருந்த இடத்தில் இந்த மீதிப் பாதிதான் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

பழைய காலத்து வானொலிகளில் மின்மாற்றி, டயோட்டு, கப்பாசிற்றர் என்ற ஒழுங்கில் மின்வழங்கல் அமைந்திருந்தது. அங்கே கப்பாசிற்றர் செக்கனுக்கு 100 தடவை மின்னேற்றம் பெற்றது. மின்சாரத்தை மிக விரைவாக வெட்டி வெட்டி அனுப்பும் இன்றைய தொலைக்காட்சியின் ஆளி முறை மின்வழங்கலில் அதே வேலை செக்கனுக்குப் பல பத்தாயிரம் தடவை நடக்கிறது. இவ்வளவு விரைவாக மின்னோட்டம் உள்ளே சென்று வெளியே வரும்போது கப்பாசிற்றரின் உள்தடை, அதாவது திருத்துநர்கள் ஈஎஸ்ஆர் என்று சொல்வது, வெப்பத்தை உண்டாக்குகிறது. 1 அம்பியர் ரிப்பிள் மின்னோட்டம் ஓடும் இடத்தில் உள்தடை 0.2 ஓம் என்றால் அந்தச் சிறிய குப்பிக்குள் 0.2 வாற் வெப்பம் பிறக்கும், 0.03 ஓம் என்றால் 0.03 வாற்தான். சுண்டுவிரல் நுனியளவான பொருளுக்குள் இந்த வித்தியாசம் மிகப் பெரியது. சாதாரணப் பாவனைக்குரிய கப்பாசிற்றரையும் குறைந்த ஈஎஸ்ஆர் கொண்ட கப்பாசிற்றரையும் அருகருகே வைத்தால் உறையிலுள்ள எண்கள் ஒன்றாகவே இருக்கும், ஆனால் இவ்வகைச் சுற்றில் ஒன்று சூடேறி வறண்டு போகும், மற்றது ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

வறண்டு போவது என்பதை அதன் நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்ளலாம். உள்ளே அலுமினியத் தாளின் மேலுள்ள மெல்லிய ஒட்சைட்டுப் படலமே மின்காவல் படை. அதனோடு தொடுகையில் இருக்கும் திரவ மின்பகுபொருள், அடியிலுள்ள இறப்பர் அடைப்பினூடாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிறது. வெப்பநிலை 10 பாகை குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது துறையினர் கைக்கொள்ளும் கணக்கு. 85 பாகையில் 2000 மணித்தியாலம் என்று மதிப்பிடப்பட்ட கப்பாசிற்றர் 65 பாகையில் 8000 மணித்தியாலம் உழைக்கும். 105 பாகையில் 2000 மணித்தியாலம் என்று மதிப்பிடப்பட்டது அதே 65 பாகையில் 32,000 மணித்தியாலம் உழைக்கும். ஆண்டு முழுவதும் அறை வெப்பநிலை 30 பாகையைச் சுற்றியே நிற்கும் கொழும்பில், சுவரோடு ஒட்டி மாட்டிய தொலைக்காட்சிக்குள் வெப்பம் மிக எளிதாக ஏறும். அதனோடு கப்பாசிற்றர் தானே உண்டாக்கும் சூடும் சேர்ந்தால், 85 பாகைக்குரிய பொருள் சில மாதங்களில் வீங்குவதில் வியப்பில்லை. உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான். வீங்கிய அந்த இரண்டையும் எறிந்துவிடாமல் உறையில் 85 பாகை என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

இனித் தெரிவு. முதலில் தொழிற்சாலையிலிருந்து வந்த மூலக் கப்பாசிற்றரின் உறையை நல்ல வெளிச்சத்தில் வாசியுங்கள். தயாரிப்பாளரின் பெயரோடு இரண்டு அல்லது மூன்று எழுத்துகளில் தொடரின் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். அதன் பின் அடைப்புக்குறிக்குள் எம் என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது கொள்ளளவு 20 சதவீதம் கூடியோ குறைந்தோ இருக்கலாம் என்பதைக் குறிப்பது, தொடரின் பெயரன்று. தயாரிப்பாளர் பெயரையும் தொடரையும் கொண்டு தரவுத்தாளை, அதாவது தயாரிப்பாளர் வெளியிடும் விவரத் தாளைத் தேடி எடுத்தால், விட்டம், உயரம், 100 கிலோஹேர்ட்ஸில் மின்தடங்கல் (அந்த வேகத்தில் மாறும் மின்னோட்டத்துக்குக் காட்டும் தடை), ரிப்பிள் மின்னோட்டம், ஆயுள் மணித்தியாலம் ஆகிய ஐந்தும் ஒரே அட்டவணையில் கிடைக்கும். நீங்கள் வாங்குவதன் மின்தடங்கல் மூலத்தைவிடக் கூடவோ, ரிப்பிள் மின்னோட்டமும் ஆயுளும் மூலத்தைவிடக் குறையவோ கூடாது, விட்டமும் உயரமும் இடத்துக்குப் பொருந்த வேண்டும். ஒரு தரவுத்தாள் ரிப்பிள் மின்னோட்டத்தை 120 ஹேர்ட்ஸில் மட்டும் தந்து, 100 கிலோஹேர்ட்ஸ் பெறுமானங்களைத் தரவே இல்லையென்றால், அது சாதாரணப் பாவனைக்குரிய தொடர் என்று கொள்ளலாம். அதை உங்கள் பலகையின் வெளியீட்டுப் பக்கத்தில் போட வேண்டாம். பனசோனிக்கின் எஃப்.எம்., எஃப்.ஆர்., நிச்சிக்கொன்னின் எச்.இ., ரூபிகொன்னின் இசட்.எல்.எச்., நிப்பொன் கெமிக்கொன்னின் கே.வை. ஆகியவை இந்த வேலைக்கென்றே செய்யப்பட்ட 105 பாகைத் தொடர்கள்.

25 வோல்ற் தாராளமாகப் போடலாம், இடம் இருந்தால் அதையே நான் விரும்புவேன். அதே தொடரில் வோல்ற்றளவு கூடும்போது குப்பியும் பெரும்பாலும் பெரிதாகும், ரிப்பிளைச் சுமக்கும் திறனும் அதனோடு உயரும். ஆனால் பலகையிலுள்ள துளைகளின் இடைவெளியைப் பார்க்க வேண்டும்: 8 மில்லிமீற்றர் விட்டத்துக்குக் கால் இடைவெளி 3.5 மில்லிமீற்றர், 10 மற்றும் 12.5 மில்லிமீற்றர் விட்டங்களுக்கு 5 மில்லிமீற்றர், 16 மில்லிமீற்றருக்கு 7.5 மில்லிமீற்றர். மெல்லிய தொலைக்காட்சிகளில் உயரமும் முக்கியம். மூடி அழுத்தும் கப்பாசிற்றரையோ வெப்பத் தகட்டில் சாய்ந்து நிற்கும் கப்பாசிற்றரையோ விட்டுவைக்கக் கூடாது. வோல்ற்றளவைக் குறைப்பது மட்டும் எந்த இடத்திலும் ஆகாது.

2200 மைக்ரோபரட் வேண்டாம். 1000 இருந்த இடத்தில் 1200 அல்லது 1500 பொறுக்கும். இரண்டு மடங்குக்கு மேல் போனால் இயக்கும் கணத்தில் மின்வழங்கல் சுமக்க வேண்டிய ஏற்ற மின்னோட்டம் கூடும், சில பலகைகள் மிகைச்சுமை என்று கருதி நின்றுவிடும். கொள்ளளவைக் கூட்டினால் தரக்குறைவை ஈடு செய்யலாம் என்ற எண்ணம் திருத்தும் இடங்களில் பரவலாக இருக்கிறது, அது பிழையானது.

வீங்கியவற்றோடு நிறுத்திவிடவும் வேண்டாம். மின்வழங்கலைக் கட்டுப்படுத்தும் சிறிய ஐசிக்கு அருகில் 22 அல்லது 47 மைக்ரோபரட், 50 வோல்ற் அளவில் ஒரு சிறு கப்பாசிற்றர் இருக்கும். உள் அழுத்தம் கூடினால் திறந்துகொள்வதற்காகப் பெரியவற்றின் தலையில் இடும் வெடிப்புக் கீறல் இத்தனை சிறியவற்றுக்குப் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆதலால் அது பழுதானாலும் வீங்கிக் காட்டாது. சூடாக இருக்கும்வரை ஓடிக்கொண்டிருந்த கருவி, மின்வெட்டு முடிந்து மின்சாரம் வந்த பின் மீண்டும் எழும்பாமல் இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். விலை அற்பமானது, வீங்கியவற்றோடு சேர்த்து மாற்றிவிடுங்கள்.

வீட்டு மின்சாரம் நேராக்கப்பட்டதும் வந்து சேரும் பிரதான வடிகட்டிக் கப்பாசிற்றரைத் தொட நேர்ந்தால் கணக்கு வேறு. நமது 230 வோல்ற் மின்சாரம் நேராக்கப்பட்டால் உச்சம் ஏறத்தாழ 325 வோல்ற். அதனால்தான் அங்கே 400 அல்லது 450 வோல்ற் கப்பாசிற்றர் நிற்கிறது. 450 இருந்த இடத்தில் 400 போடக் கூடாது, ஏனெனில் மின்வலுக் காரணியைத் திருத்தும் சுற்று உள்ள பலகைகளில் அந்தப் புள்ளி 380 முதல் 400 வோல்ற் வரை நிற்கும். இதற்கு அருகில் மஞ்சள் அல்லது சாம்பல் நிறப் பெட்டி வடிவில் எக்ஸ்2 என்றும், நீல நிற வட்டில் வடிவில் வை1 அல்லது வை2 என்றும் குறியிட்ட கப்பாசிற்றர்கள் இருக்கும். இவை உயிர்ப் பாதுகாப்புக்கானவை. அதே எண் கொண்ட சாதாரணக் கப்பாசிற்றரை இவற்றின் இடத்தில் ஒருபோதும் வைக்கக் கூடாது. வை வகை குறுக்குச் சுற்றானால் கருவியின் உலோகப் பகுதிகளில் மின் ஏறி ஆளைத் தாக்கும்.

வாங்கும் இடத்துக்கு வருவோம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவும் அதை ஒட்டிய பகுதியும்தான் இன்றும் முதலில் போக வேண்டிய இடம். ஆனால் கடையில் "1000க்கு 16" என்று மட்டும் கேட்டால் கைக்கு முதலில் அகப்படுவதைத்தான் தருவார்கள். பழைய கப்பாசிற்றரைக் கையில் கொண்டுபோய், 105 பாகை, லோ ஈஎஸ்ஆர், இன்ன தொடர் அல்லது அதற்கு ஒப்பானது என்று கேளுங்கள். புகழ்பெற்ற பெயர் அச்சிட்ட உறையில் தரமற்ற பொருள் வருவதுண்டு. பெரிய குப்பிக்குள் சிறிய கப்பாசிற்றரை ஒளித்து விற்கும் மோசடியும் உலகச் சந்தையில் அறியப்பட்டதே. எழுத்து மங்கியோ கோணலாகவோ இருந்தால், கால்கள் கறுத்திருந்தால், கை நிறுவைக்கு வழமையை விட இலேசாக இருந்தால், விட்டமும் உயரமும் தரவுத்தாளோடு பொருந்தாவிட்டால் வாங்க வேண்டாம். நெடுங்காலம் கிடந்த சரக்கில் ஒட்சைட்டுப் படலம் நலிந்துவிடும் என்பதால் திகதிக் குறியையும் கேளுங்கள். பழைய பலகைகளிலிருந்து கழற்றிய மின்பகு கப்பாசிற்றர்களை, எவ்வளவு மலிவானாலும், தவிருங்கள்.

உறுதியான பொருள்தான் வேண்டுமென்றால் மௌசர், டிஜிகீ, எலிமென்ட்14 போன்ற அங்கீகாரம் பெற்ற விநியோகத்தர்களிடம் இணையத்தில் வாங்குவதே சிறந்தது. இரண்டு கப்பாசிற்றருக்காக அங்கே போனால் அனுப்புக் கட்டணமும் சுங்கத் தீர்வையும் பொருளின் விலையைப் பன்மடங்கு தாண்டும். ஆகவே தெரிந்த திருத்துநர்கள் இருவர் மூவரோடு சேர்ந்து, 470, 1000, 2200 மைக்ரோபரட் அளவுகளில் 16, 25, 35 வோல்ற் என்று ஒரே தடவையில் தருவித்து வைத்துக்கொள்வது நல்லது.

எங்கே வாங்கினாலும் பொருத்துவதற்கு முன் அளந்து பாருங்கள். கொள்ளளவையும் ஈஎஸ்ஆரையும் சேர்த்துக் காட்டும் சிறு சோதிப்பான் ஒன்று இந்த வேலை செய்பவரிடம் இருக்க வேண்டும். 1000 மைக்ரோபரட், 16 வோல்ற் அளவில் நல்ல லோ ஈஎஸ்ஆர் கப்பாசிற்றர் 100 கிலோஹேர்ட்ஸில் 0.02 முதல் 0.05 ஓம் அளவில் நிற்கும். மலிவான சோதிப்பான் இவ்வளவு சிறிய பெறுமானத்தைத் துல்லியமாகக் காட்டாது. ஆயினும் நல்லதென்று அறிந்த ஒன்றோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரிந்துவிடும்.

பலகையைத் தொடுமுன் மின்செருகியைக் கழற்றி, 10 கிலோ ஓம், 5 வாற் தடையொன்றைக் காவலிட்ட பிடியுடன் பிரதான கப்பாசிற்றரின் இரு முனைகளிலும் பத்துச் செக்கன் பிடித்து, வோல்ற்மானியால் சரிபார்த்துக்கொள்ளுங்கள். திருகாணி முறுக்கியால் குறுக்கே தொட்டு வெறுமையாக்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள். 150 மைக்ரோபரட் கப்பாசிற்றரில் 325 வோல்ற்றில் ஏறத்தாழ 8 யூல் சக்தி இருக்கும், அது கண்ணுக்கும் பலகைக்கும் கேடு. பழையதைக் கழற்றுமுன் ஒரு படம் எடுத்து வையுங்கள். கப்பாசிற்றரின் உறையிலுள்ள பட்டை மறை முனையைக் காட்டும். பலகையில் நிழலிட்ட பாதி வட்டம் வழமையாக மறை முனையையே குறித்தாலும், சில தயாரிப்பாளர்கள் நேர் முனையை அப்படிக் குறிப்பதுண்டு. கசிந்த திரவம் பலகையில் படிந்திருந்தால் ஐசோபுரொப்பைல் அற்ககோலால் துடைத்துக் காயவிட்ட பின்பே பற்றாசு பிடியுங்கள். முதல் தடவை இயக்கும்போது 60 வாற் இழை மின்குமிழ் ஒன்றைத் தொலைக்காட்சிக்கு மின்சாரம் வரும் வழியில் தொடராக இணைத்துக்கொள்ளுங்கள். குமிழ் ஒரு கணம் ஒளிர்ந்து மங்கினால் நேரடியாக மின்சாரம் கொடுக்கலாம், பிரகாசமாகவே நின்றால் உடனே நிறுத்திவிட்டு டயோட்டுகளையும் ஆளி ட்ரான்சிஸ்டரையும் சோதிக்க வேண்டும்.