கேள்வி-பதில்: பிழைச் செய்தியை முழுதாக அனுப்புங்கள்

இணையதள நிரல் பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், திரையில் வந்த பிழைச் செய்தியைப் படித்திருந்தாலே எழுதத் தேவையில்லாதவை. கேள்விகளுக்கு வருவோம்.

கேள்வி: என் கணினியில் எல்லாப் படங்களும் தெரிகின்றன. சர்வரில் ஏற்றினால் பாதிப் படங்கள் வருவதில்லை. (திருமங்கலம்)

பதில்: கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பாருங்கள். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும்; சர்வரில் இருக்கும் லினக்ஸ் வேறு வேறாகவே பார்க்கும். பல கேமராக்கள் 'ஜேபிஜி' என்பதைப் பெரிய எழுத்தில் வைக்கும். நிரலில் சிறிய எழுத்தில் எழுதியிருப்பீர்கள்.

கேள்வி: பத்து வருடமாக ஓடிய பில்லிங் ஸ்கிரிப்ட் திடீரென்று நின்றுவிட்டது. 'அன்டிஃபைன்ட் ஃபங்ஷன் மைஎஸ்கியூஎல் கனெக்ட்' என்று வருகிறது. நான் எதையும் மாற்றவில்லை. (உசிலம்பட்டி)

பதில்: செய்தியை அப்படியே எழுதினீர்களே, நன்றி. தளத்துக்குச் சர்வரில் இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனம், ஸ்கிரிப்ட் எழுதிய மொழியான பிஎச்பியின் பதிப்பை உயர்த்தியிருக்கிறது. டேட்டாபேஸோடு இணைக்கும் அந்தப் பழைய ஃபங்ஷன்கள் 2015 கடைசியில் வந்த பிஎச்பி 7-இலேயே நீக்கப்பட்டுவிட்டன. அதே வேலையைச் செய்யும் மைஎஸ்கியூஎல்ஐ அல்லது பிடிஓவுக்கு மாற்றி எழுதுங்கள். கை வைக்கும் முன் பேக்கப்.

கேள்வி: ஆர்டர் பக்கம் வேலை செய்யவில்லை. மிகவும் அவசரம். உடனே உதவவும். (விளக்குத்தூண் அருகில், மதுரை)

பதில்: கடிதமே அவ்வளவுதான். எந்தப் பொத்தானை அழுத்தியபோது, என்ன தெரிந்தது என்று ஒரு சொல் இல்லை. திரும்பக் கேட்டேன், "வெள்ளையாக இருக்கிறது" என்றார். சர்வர் பிழைகளை எழுதி வைக்கும் கோப்பான எரர் லாகின் கடைசி வரியைக் கேட்டேன். மானிட்டரைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பினார். டியூப்லைட் வெளிச்சம் அந்த வரியின் மேலேயே விழுந்திருந்தது. இப்படியே மூன்று நாள். சுங்குடிச் சேலைக் கடையின் தளம் அது. சித்திரைத் திருவிழா நெருங்கிய நேரம். நட்டம் கடைக்காரருக்கு.

நான்காம் நாள்தான் வரியைக் காப்பி செய்து ஒட்டினார்: 'சின்டாக்ஸ் எரர், அன்எக்ஸ்பெக்டட் டோக்கன் எக்கோ', 41-ஆம் வரி. "41-இல் தவறே இல்லையே" என்று கோபம் வேறு. தவறு 40-இல். வரிக் கடைசியில் செமிகோலன் இல்லை. முந்தைய வரி முடிந்தது தெரியாமல் பிஎச்பி படித்துக்கொண்டே போய், 41-இல் இடறி விழுந்தது. விழுந்த இடத்தைத்தான் அது சொல்லும். சொன்ன வரியோடு அதற்கு மேலே இரண்டு மூன்று வரிகளையும் சேர்த்துப் படியுங்கள் என்று எத்தனை முறை எழுதிவிட்டேன்! காரணத்தைச் சர்வர் முதல் நாளே எழுதி வைத்திருந்தது. படிக்கத்தான் ஆள் இல்லை. ஒருவர் பிழைப்பு நம் கையில் இருக்கும்போது இந்த அலட்சியத்தை என்னால் பொறுக்க முடியவில்லை.

இன்னொன்று: ஓடும் தளத்தில் பிழையைத் திரையில் காட்டும்படி வைக்காதீர்கள். கோப்புகள் இருக்கும் பாதை ஊருக்கெல்லாம் தெரியும். லாகில் எழுதச் செய்து, அங்கே போய்ப் படியுங்கள்.

கேள்வி: டேட்டாபேஸில் சேமித்த தமிழெல்லாம் கேள்விக்குறிகளாக மாறிவிட்டது. மீட்க முடியுமா? (மேலூர்)

பதில்: சேமித்த இடத்திலேயே கேள்விக்குறி இருந்தால் முடியாது, எழுத்து போய்விட்டது, பேக்கப்பில் தேடுங்கள். கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால் பெரும்பாலும் மீட்கலாம். இனியாவது டேபிள், கனெக்‌ஷன், பக்கம் மூன்றையும், தமிழையும் தாங்கும் எழுத்துக் குறியீடான யூடிஎஃப்-8 ஆக்குங்கள். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் அதன் பெயர் 'யூடிஎஃப்8எம்பி4'. பலரும் டேபிளை மாற்றிவிட்டுக் கனெக்‌ஷனை மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: அப்லோட் ஆகாததால் எல்லா ஃபோல்டருக்கும் 777 அனுமதி கொடுத்தேன். சரியாகிவிட்டது. தவறில்லையே? (அண்ணா நகர், மதுரை)

பதில்: தவறு. 777 என்றால் சர்வரில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். உரிமையாளர் மட்டும் எழுதும்படி ஃபோல்டருக்கு 755, கோப்புக்கு 644. இன்றே மாற்றுங்கள். அப்லோட் ஃபோல்டரின் உரிமையாளர் யார் என்று பாருங்கள். கோளாறு அங்கேதான் இருக்கும்.

கேள்வி: ஜாவாஸ்கிரிப்ட்டை மாற்றிவிட்டேன், பழையதே ஓடுகிறது. (சோழவந்தான்)

பதில்: பிரவுசர் சேமித்து வைத்த பழைய கோப்பு அது. கன்ட்ரோல், எஃப்5 இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள்.

கேள்வி: தளத்தின் அமைப்புகள் உள்ள கான்ஃபிக் கோப்பை இணைத்திருக்கிறேன். டேட்டாபேஸ் ஏன் இணையவில்லை? (வாடிப்பட்டி)

பதில்: கடவுச்சொல்லோடு அனுப்பியிருக்கிறீர்கள். அனுப்பும் முன் அதை அழியுங்கள் என்று சென்ற முறையும் எழுதினேன். கோப்பை நான் அழித்துவிட்டேன். நீங்கள் முதலில் கடவுச்சொல்லை மாற்றுங்கள். புதியதை ஒட்டும்போது பின்னால் இடைவெளி விழாமல் பாருங்கள். பழையதற்குப் பின்னால் ஓர் இடைவெளி இருந்தது.