வேலை ஓயவில்லை, காசு மிஞ்சவில்லை என்றவருக்கு
மரச்சாமான் செய்ய ஆகும் பொருள் செலவு, கூலி இரண்டையும் கூட்டி 25 சதவீதம் ஏற்றி விற்கிறேன், மாதக் கடைசியில் ஒன்றும் மிஞ்சவில்லை என்கிறீர்கள். படிக்கவே வருத்தமாக இருக்கிறது, நண்பரே. ஓட்டை கூலிக் கணக்கில்தான் இருக்கும். 8 மணி நேரம் உழைத்தாலும் அளவெடுப்பது, பலகை வாங்குவது, பாக்கிக்கு அலைவது போக, வாடிக்கையாளர் கணக்கில் எழுத முடிவது 5 மணி நேரமாக இருக்கலாம். வாடகை, மின்சாரம், மழுங்கும் ரம்பம், உங்கள் சம்பளம் எல்லாவற்றையும் அந்த 5 மணி நேரமே சுமக்க வேண்டும். ஒரு நாளுக்கு ஆகும் இந்தச் செலவை 5-ஆல் வகுக்காமல் 8-ஆல் வகுத்து மணிக்கூலி போட்டால் ஒவ்வொரு மேசையிலும் நட்டம்தான்.

அடக்கவிலை 100 என்றால் 125-க்கு விற்கிறீர்கள். அது விற்பனையில் 20 சதவீத லாபமே. 25 வேண்டுமென்றால் 100-ஐ 0.75-ஆல் வகுங்கள், சுமார் 133 வரும். அறுத்து மிஞ்சும் துண்டுப் பலகையும் அடக்கத்தில் சேர வேண்டும். இந்த வாரம் மட்டும் மணிக்கணக்கை நோட்டில் குறித்து, இங்கே எழுதுங்கள்.