தேதி தள்ளிப் போனால்: எல்லையோர வாசகியர் கேள்விகள்

கேள்வி: வயது 31. இரண்டு வருடமாகக் குழந்தைக்கு முயற்சி செய்கிறோம். மாதவிலக்கு ஒரு மாதம் 28 நாளில் வருகிறது, இன்னொரு மாதம் 33 ஆகிறது. செல்போன் ஆப் 14ஆம் நாள்தான் முட்டை வரும் என்கிறது. அன்றைக்குச் சேர்ந்தால் போதுமா? – வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: போதாது. 14 என்பது 28 நாளில் வருகிறவர்களுக்கான கணக்கு. ரத்தம் பட்ட நாள்தான் முதல் நாள். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, எஃப்.எஸ்.ஹெச். ஹார்மோனை அனுப்பிச் சினைப்பையில் முட்டைப் பைகளை வளர்க்கிறது. அவற்றில் ஒன்று முந்திக்கொண்டு வளர்ந்து ஈஸ்ட்ரோஜனைச் சுரக்க, கருப்பையின் உள்சுவர் தடிக்கிறது. ஈஸ்ட்ரோஜன் உச்சத்துக்குப் போனதும் எல்.ஹெச். என்ற இன்னொரு ஹார்மோன் குபீரென்று ஏறும்; ஏறத் தொடங்கி ஏறக்குறைய ஒன்றரை நாளில் முட்டை வெளியே வந்துவிடும். காய்ச்சல், தூக்கமில்லாத இரவுகள், மனக்கவலை, திடீர் எடைக்குறைவு எல்லாம் இழுத்தடிப்பது பெரும்பாலும் இந்த முதல் பாதியைத்தான். பிற்பாதி அவ்வளவாக மாறாது. முட்டை போன பை புரோஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கும்; கரு தங்காவிட்டால் 12 முதல் 14 நாளில் ஓய்ந்துவிடும். அப்போது உள்சுவர் கழன்று ரத்தத்தோடு வெளியேறுகிறது. ஆகவே அடுத்த தேதியிலிருந்து பின்னோக்கி 14 நாள் எண்ணுங்கள். 33 நாள் என்றால் 19ஆம் நாள் வாக்கில் முட்டை வரும்.

முட்டைக்கு ஆயுள் ஒரு நாள் இருந்தால் அதிகம். விந்தணு ஐந்து நாள் வரை தாங்கும். அதனால் முட்டை வருவதற்கு முந்தைய நாட்கள்தான் முக்கியம். உங்களுக்கு 9 முதல் 20ஆம் நாள் வரை ஒன்றுவிட்டு ஒரு நாள் சேர்ந்தால் ஆப்பே வேண்டாம். வெள்ளைப்படுதல் பச்சை முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழவழவென்று நீண்டு வந்தால் நேரம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.

சரி, 35 வயதுக்குள் இருப்பவர்கள் ஒரு வருடம் முயன்றும் தங்காவிட்டாலே டாக்டரைப் பார்க்க வேண்டும். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். விந்துப் பரிசோதனைக்கு ஊசிகூடக் கிடையாது. ஆனாலும் நம் வீடுகளில் மனைவிக்கு எல்லாச் சோதனையும் முடிந்த பிறகுதான் அவர் முறை வருகிறது.

கேள்வி: தூரமான (மாதவிலக்கு) நாட்களில் சேர்ந்தால் கரு தங்காதாமே? – சித்தூர், பாலக்காடு

பதில்: நம்பிவிடாதீர்கள். 22 நாளில் வருகிறவருக்கு 8ஆம் நாளே முட்டை வரலாம். ஐந்தாம் நாள் உள்ளே போன விந்தணு அதுவரை உயிரோடு இருக்கும்.

கேள்வி: கல்பாத்தித் தேருக்குத் தேதி இடிக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: கேட்காமல் வேண்டாம். நார்எத்திஸ்டிரோன் என்ற இந்த மாத்திரை புரோஜெஸ்ட்ரோன் போலவே வேலை செய்து உள்சுவர் கழலாமல் பிடித்து வைக்கும். தேதிக்கு மூன்று நாள் முன்பே தொடங்க வேண்டும். நிறுத்தியபின் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் கோளாறு, கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது. தள்ளிப்போடுவது வீட்டு வழக்கத்துக்காகத்தான், உடம்புக்கு அதில் ஒரு அவசியமும் இல்லை.

கேள்வி: மூணாறு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறேன், வயது 42. மாதவிலக்கில் ரத்தம் கட்டி கட்டியாகப் போகிறது. மேடேறினால் மூச்சு வாங்குகிறது.

பதில்: முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள் அம்மா, 12க்குக் கீழே என்றால் ரத்தசோகை. மணிக்கொரு தரம் பேட் நனைவதும் பத்து ரூபாய்க் காசைவிடப் பெரிய கட்டி விழுவதும் சாதாரணமல்ல. உங்கள் வயதில் கருப்பையில் சதைக்கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் பார்ப்பது அவசியம். அப்புறம் அந்தத் தேயிலை: சாப்பாட்டோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் டீ குடித்தால் இரும்பு உடம்பில் ஒட்டாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மாத்திரைக்கு எலுமிச்சைச் சாறு நல்லது.

கேள்வி: மகளுக்கு 13 வயது. பெரியவளாகி ஐந்து மாதம். இரண்டு மாதமாக வரவில்லை. – ஆரியங்காவு

பதில்: முதல் இரண்டு மூன்று வருடம் இப்படித்தான் இருக்கும், பல மாதங்களில் முட்டையே வராது. மூன்று மாதத்துக்கு மேல் நின்றாலோ, ஏழு நாளுக்கு மேல் போனாலோ காட்டுங்கள். தேதியைக் காலண்டரில் குறித்து வரச் சொல்லுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.