சர்க்கரை நோயும் மைக்ரோ ஆர்.என்.ஏவும்: கேள்வி பதில்

கல்லூரி மாணவி: மைக்ரோ ஆர்.என்.ஏவுக்கும் சுகருக்கும் என்ன சம்பந்தம் மேடம்?

சுமார் 22 எழுத்து நீளமுள்ள ஆர்.என்.ஏ துண்டும்மா அது. தானாகப் புரதம் எதையும் செய்யாது. புரதத்துக்கான செய்தியைச் சுமந்துவரும் ஆர்.என்.ஏவில் ஒட்டிக்கொண்டு உற்பத்தியை மட்டுப்படுத்தும். 1993இல் ஒரு சிறு புழுவில் கண்டார்கள். அதைக் கண்டுபிடித்த ஆம்ப்ரோஸுக்கும் ரவ்குனுக்கும் 2024இல் நோபல் கிடைத்தது. கணையத்தில் மைஆர் 375 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ நிறைய உண்டு. அது மிகுந்தால் இன்சுலின் சுரப்பு தடைப்படும் என்று 2004இல் தெரிந்தது. ஆனால் அதை அடியோடு நீக்கிய சுண்டெலியில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களே குறைந்து சர்க்கரை ஏறியது. கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு. இதை மறக்காதே.

அம்மாவுக்கு 12 வருஷமா சுகர். ரத்தத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ டெஸ்ட் எடுக்கலாமா?

வேண்டாம். அந்தப் பணத்தில், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் யூரின் அல்புமின்-கிரியேட்டினின் விகிதமும் ரத்த கிரியேட்டினினும் பாருங்கள். வருஷம் ஒருமுறை சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். பாதத்தையும் காட்டுங்கள்.

எம்.எஸ்சி மாணவர்: பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியில், மைக்ரோ ஆர்.என்.ஏவை அளந்தேன். ஒரே ஆளுக்கு இரண்டு தடவையும் வேறு வேறு எண் வருகிறது.

குழாயை வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்துப் பாருங்க தம்பி. பிளாஸ்மா இளம் மஞ்சளாக இருக்க வேண்டும். லேசாக ரோஜா நிறம் தட்டினாலும் சிவப்பணு உடைந்திருக்கிறது. அதிலிருந்த மைஆர் 451ம் 16ம் வெளியே கொட்டி உங்கள் கணக்கைக் கெடுத்திருக்கும். ஹெப்பாரின் குழாய், அளக்கப் பயன்படும் பி.சி.ஆர் வினையைத் தடுக்கும், ஈ.டி.டி.ஏ குழாய் எடுங்கள். ஆஸ்பிரின் சாப்பிடுகிறாரா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். மைஆர் 126இல் ஒரு பங்கு ரத்தத் தட்டணுக்களிலிருந்து வருவதால் ஆஸ்பிரினே அதைக் குறைத்துவிடும்.

சிறுநீரகத்தைக் கெடுப்பது மைஆர் 192 என்று படித்தேன். சரியா?

பாதி சரி. 2007இல் கலிபோர்னியாவின் சிட்டி ஆஃப் ஹோப் குழு, சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் வடிமுடிச்சின் மெசாஞ்சியல் செல்களில் (அதைத் தாங்கிநிற்கும் செல்கள்) 192 கூடி, தழும்பை உண்டாக்கும் கொலாஜன் புரதம் பெருகுவதைக் காட்டியது. 2012இல் அதை அடக்கும் மருந்து கொடுத்த சர்க்கரை நோய் சுண்டெலிகளில் தழும்பு குறைந்தது. ஆனால் 2010இல் கார்டிஃப் குழு நோயாளிகளின் சிறுநீரக பயாப்சியைப் பார்த்தபோது நேர்மாறு: 192 குறையக் குறையத் தழும்பு கூடியிருந்தது.

ஆராய்ச்சி மாணவர்: அப்போ இரண்டில் ஒன்று தப்புதானே?

இல்லை, இப்படிக் கேட்பதைத்தான் நான் எதிர்க்கிறேன். தழும்பைத் தூண்டும் டிஜிஎஃப் பீட்டா என்ற புரதம் மெசாஞ்சியல் செல்லில் 192ஐ ஏற்றுகிறது, வடிமுடிச்சை அடுத்துள்ள நுண்குழாய்ச் செல்லில் இறக்குகிறது. பயாப்சித் துண்டு நூல் மாதிரி இருக்கும், அதில் பெரும்பங்கு நுண்குழாய். மொத்தமாக அரைத்து அளந்தால் வடிமுடிச்சின் குரல் கேட்காது.

அதே மாணவர்: எலியில் வேலை செய்த மருந்தை மனிதருக்குக் கொடுக்க வேண்டியதுதானே?

நுண்குழாயிலும் 192 அடங்கினால்? அதற்குப் பதில் சொல்லிவிட்டு மருந்தைப் பேசுங்கள். மைஆர் 21ஐ அடக்கும் லடெமிர்சன் என்ற மருந்தும் எலியில் நன்றாகத்தான் இருந்தது. ஆல்போர்ட் என்ற பரம்பரைச் சிறுநீரக நோய்க்கான சோதனையில் பலன் தெரியாமல் 2022இல் நிறுத்தினார்கள்.

வெந்தயம் சாப்பிட்டால் மைஆர் 21 குறையுமா?

மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

அப்பாவுக்கு மைஆர் 126 டெஸ்ட்...

இரண்டாம் கேள்விக்கான பதிலைப் படியுங்கள். இனி டெஸ்ட் பற்றிக் கேட்டால் பதில் இல்லை.

பார்வை மங்கலாக இருக்கிறது.

இன்றே கண் டாக்டரிடம் போங்கள்.

இரண்டாவது கேள்வி கேட்டவன் மேடம். அம்மாவின் யூரின் விகிதம் 180 வந்திருக்கிறது.

பார்த்தது நல்லது. 30க்குக் கீழே இருக்க வேண்டும். காய்ச்சலோ நீர்க்கடுப்போ இருந்தால் தற்காலிகமாக ஏறும், அது தீர்ந்ததும் திரும்பப் பாருங்கள். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று தடவையில் இரண்டு தடவை கூடுதலாக இருந்தால் பாதிப்பு உறுதி. அதுவரை காத்திருக்காமல் இந்தச் சீட்டோடு டாக்டரைப் பாருங்கள்; பிரஷருக்கு என்ன மாத்திரை, ஏசிஇ அல்லது ஏஆர்பி வகை தேவையா என்று கேளுங்கள். வலிக்கென்று கடையில் வாங்கும் மாத்திரையை அம்மா போடுகிறார்களா என்பதையும் சொல்லிவிடுங்கள்.