மூளையைக் கழற்றியாச்சு, இனி ஃபேனை யார் போடுவது?

இன்ஜெக்‌ஷன் எஞ்சின் (கம்ப்யூட்டர் பெட்டி அளந்து பெட்ரோலைத் தெளிப்பது) படுத்துவிட, அந்த இடத்தில் அந்தப் பெட்டி தேவைப்படாத பழைய கார்புரேட்டர் எஞ்சினை ஏற்றியவர்களின் கேள்விகள்தான் இந்த முறை அதிகம். பெரும்பாலும் பெங்களூர்க்காரர்கள். ஜே.சி. ரோட்டில் சாமான் கிடைத்துவிடுகிறது, வயரிங்கில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கே: 2006 மாருதி 800. கார்புரேட்டர் எஞ்சின் மாற்றினேன். ஓடும்போது நன்றாக இருக்கிறது. சில்க் போர்டு நெரிசலில் நின்றால் கொதிக்கிறது. ரேடியேட்டர் மாற்றியும் பலனில்லை. (ஈஜிபுரா வாசகர்)

ரேடியேட்டர் காசு வீண். ஃபேன் சுற்றுகிறதா என்று பார்த்தீர்களா? இன்ஜெக்‌ஷன் வண்டியில் சூட்டைப் பார்த்து ஃபேன் ரிலேவை (சிறு கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) தட்டுவது ஈ.சி.யு., அதாவது எஞ்சினின் மூளையான அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி. அதைக் கழற்றிவிட்டால் ரிலேவுக்குச் சொல்ல ஆள் இல்லை. ஓடும்போது எதிர்காற்று காப்பாற்றுகிறது, நின்றால் இல்லை.

தண்ணீர் ஓடும் வழியில், சூடானதும் தானாக இணையும் ஒரு தெர்மோ சுவிட்ச் போடுங்கள். ரிலேவில் 30 என்று எண் போட்ட முனைக்கு பேட்டரியிலிருந்து ப்யூஸ் வழியாக லைன், 87 ஃபேனுக்கு, 86 சாவி லைனுக்கு, 85 தெர்மோ சுவிட்ச் வழியாக எர்த்துக்கு. டாஷ்போர்டில் கை சுவிட்ச் வைத்துத் தருகிறேன் என்று எலக்ட்ரீசியன் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு நாள் போட மறப்பீர்கள், ஹெட் கேஸ்கட் போகும்.

மீட்டர் முள்ளையும் கவனியுங்கள். ஈ.சி.யு.வுக்கான சென்சாரும் சூட்டு மீட்டரின் முள்ளை ஓட்டும் சென்சாரும் வேறு வேறு. மாற்றிக் கொடுத்தால் முள் பொய் சொல்லும்.

கே: அதே மாதிரி வண்டிதான் என்னுடையதும். கார்புரேட்டர் வழியாக பெட்ரோல் பொங்கி வழிகிறது. அதற்குள் பெட்ரோல் நிறைந்ததும் வழியை அடைக்கும் ஃப்ளோட் (மிதவை), நீடில் (ஊசி) இரண்டும் புதிது. (மர்ஃபி டவுன் வாசகர்)

உடனே வண்டியை நிறுத்துங்கள், இது தீ விஷயம். டேங்குக்குள் பழைய பம்ப் இன்னும் ஓடுகிறது, ஈ.சி.யு. போன பிறகு யாரோ அதற்கு நேராக லைன் கொடுத்திருக்க வேண்டும். அது தள்ளும் அழுத்தம் சுமார் 3 பார். கார்புரேட்டர் நீடில் தாங்குவது 0.2, 0.3 பார்தான். புது நீடில் என்ன செய்யும்?

எஞ்சினிலேயே கேம் தட்டி ஓடும் மெக்கானிக்கல் பம்ப் இருந்தால் அதுவே போதும். டேங்க் பம்பின் கனெக்டரைக் கழற்றி, அதன் ப்யூஸையும் எடுத்துவிடுங்கள். தனியாக லோ பிரஷர் எலக்ட்ரிக் பம்ப் போட்டே தீருவேன் என்றால் சாவியிலிருந்து நேராக லைன் கொடுக்காதீர்கள். விபத்தில் எஞ்சின் நின்றாலும் சாவி போட்டபடி இருக்கும், பம்ப் ரோட்டில் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருக்கும். முன்பு இதைத் தடுத்ததும் ஈ.சி.யு.தான். இப்போது ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியாக ரிலேவை ஓட்ட வேண்டும். ஒரு எச்சரிக்கை: டாஷில் எரியும் ஆயில் விளக்குக்கான சுவிட்ச் இதற்கு உதவாது. பிரஷர் இல்லாதபோது கரண்ட்டை விடுவது அது. நமக்குத் தேவை பிரஷர் வந்தால் கரண்ட்டை விடுவது.

கே: ஸ்டார்ட் ஆகிறது, ஆக்சிலேட்டரை விட்டதும் அணைகிறது. மூன்று மெக்கானிக் பார்த்தாயிற்று. (சிவாஜிநகர் வாசகர்)

கார்புரேட்டரில் ஒற்றை வயர் தொங்குகிறதா பாருங்கள். அது ஐடில் சொலினாய்டு, ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் ஓடப் பெட்ரோல் தரும் சிறு துளையை (ஐடில் ஜெட்) கரண்ட்டால் திறப்பது. சாவி போட்டதும் அதற்கு 12 வோல்ட் வர வேண்டும், ‘டிக்’ என்று சத்தம் கேட்கும். சத்தம் இல்லையென்றால் ஐடில் ஜெட் மூடியே கிடக்கிறது.

கே: எஞ்சின் இறக்கி ஏற்றிய பிறகு செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறது. ஆக்சிலேட்டர் கேபிள் சூடாகிறது. கேபிளுக்கும் கரண்ட்டுக்கும் என்ன சம்பந்தம்? (கே.ஜி.எஃப். வாசகர்)

நல்லவேளை தொட்டுப் பார்த்தீர்கள். நான் பார்க்கவில்லை. என் பழைய பிரீமியர் பத்மினி காரில் எஞ்சினை ஏற்றிய இரவு, பாடிக்கும் எஞ்சினுக்கும் இடையிலான எர்த் பட்டையைப் போட மறந்துவிட்டு செல்ஃப் அடித்தேன். சோக் கேபிளின் உறை உருகி டாஷ்போர்டுக்குள் புகை. குற்றவாளி நானேதான், யாரையும் திட்ட வழியில்லை.

எஞ்சின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்ட்டில். செல்ஃப் மோட்டார் இழுப்பது நூறு ஆம்பியருக்கு மேல். அவ்வளவும் எஞ்சினிலிருந்து பேட்டரி மைனஸுக்குத் திரும்பியாக வேண்டும். பட்டை இல்லையென்றால் எஞ்சினைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய கேபிளைப் பிடித்துக்கொள்ளும். பட்டை இருந்தும் போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் இருந்தால் இதே கதைதான். சுரண்டி, இறுக்கி, கிரீஸ் தடவுங்கள்.

சோதிக்க மல்டிமீட்டரின் ஒரு முனை பேட்டரி மைனஸில், மறுமுனை எஞ்சின் பிளாக்கில். செல்ஃப் அடிக்கும்போது அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. புது வண்டி வயரிங் என்று யார் வந்தாலும் நான் முதலில் தொடுவது இந்த இடத்தைத்தான்.

கே: அம்பாசடருக்கு ஒரு ஜெர்மன் காரின் ப்யூஸ் பெட்டியை வயரோடு வாங்கினேன். பிரௌனோடு பிரௌனைச் சேர்க்கலாமா?

கூடாது! பிரிட்டிஷ் லூகாஸ் முறையில் பிரௌன் என்றால் பேட்டரியிலிருந்து நேராக வரும் லைன். ஜெர்மன் முறையில் பிரௌன்தான் எர்த். டெஸ்ட் லேம்ப்பை நம்புங்கள், நிறத்தை நம்பாதீர்கள்.

கே: டாஷ் விளக்கெல்லாம் எல்.இ.டி. போட்டேன். ஆல்டர்னேட்டர் (பேட்டரிக்கு கரண்ட் தயாரிப்பது) சார்ஜ் செய்ய வண்டியை நன்றாக உறும விட வேண்டியிருக்கிறது.

சார்ஜ் விளக்கு வெறும் விளக்கு இல்லை, அதன் வழியாகப் போகும் கரண்ட்தான் ஆல்டர்னேட்டரை எழுப்புகிறது. எல்.இ.டி. வழியாகப் போவது போதாது. அந்த ஒரு இடத்தில் மட்டும் பழைய பல்பையே போடுங்கள்.

கே: ஆர்.சி.யில் பிரச்சினை வருமா? (ஈஜிபுரா வாசகரே மறுபடியும்)

வரும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி அனுமதி இல்லாமல் எஞ்சினை மாற்ற முடியாது. 15 வருடம் கடந்த வண்டியைப் புதுப்பிக்கப் போனால் எஞ்சின் எண்ணைப் பார்ப்பார்கள். புகைச் சோதனையில் உங்கள் 2006 வண்டிக்கு கார்பன் மோனாக்சைடு வரம்பு 0.5 சதவீதம். பிறவியிலேயே கார்புரேட்டரான, பாரத் ஸ்டேஜ் 2 புகை விதிக்கு முந்தைய வண்டிக்கு அது 3 சதவீதம். புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்டர் இல்லாத பழைய எஞ்சின் 0.5-ஐத் தொடுவது கஷ்டம். நானாக இருந்தால் பழைய இன்ஜெக்‌ஷன் எஞ்சினைப் பழுது பார்த்திருப்பேன். அதை இன்னும் குஜ்ரிக்காரரிடம் (பழைய சாமான் வாங்குபவர்) போடவில்லையே?